களைத்தது எந்தத் துடுப்பு

கலியாணம் முடித்தவன் மனைவியின் ஊருக்குப் போய்க் குடியிருப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அப்படித்தான் மட்டக்களப்பு வாவிக்கரையில் பிறந்து வளர்ந்த நான் கதிரவெளிக்குப் போனேன். எனக்குத் தெரிந்த தொழில் மேசன் வேலை. அந்தக் காலத்தில் கதிரவெளிக்கு ஒரு பை சீமெந்து வந்து சேர்வதே பெரும்பாடு. யார் கல்வீடு கட்டப் போகிறார்கள்? அதனால் என் மனைவியின் அண்ணன் என்னைத் தன்னோடு கடலுக்குக் கூட்டிப் போனான். எங்கள் இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவன் என்னை மச்சான் என்பான், நானும் அவனை மச்சான் என்பேன்.

வாவியில் தோணி விட்டவன் என்ற என் பெருமையெல்லாம் முதல் நாளே போய்விட்டது. வள்ளத்துக்குள் சத்தியெடுத்துச் சுருண்டு கிடந்தேன். மச்சான் சிரிக்கவில்லை. குடிக்கத் தண்ணீர் தந்துவிட்டு வலையைப் பார்க்கப் போய்விட்டான். பேச்சுக் குறைந்த ஆள். நாலு வருஷம் அவனோடு கடலில் நின்றேன்.

கடல் ஊருக்குள் வந்த அன்று நாங்கள் கதிரவெளியில் இல்லை. என் அக்காவின் மகளுக்குச் சடங்கு வைத்திருந்தார்கள். நானும் மனைவியும் கைக்குழந்தையோடு முதல் நாளே வாவிக்கரைக்கு வந்துவிட்டோம். மச்சான் விடியுமுன்னே தொழிலுக்குப் போயிருந்தான். ஆழக்கடலில் நின்ற அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. வள்ளம் ஒருதரம் மெல்ல உயர்ந்து தாழ்ந்தது, அவ்வளவுதான் என்று பிறகு சொன்னான். கரைக்கு வந்து பார்த்தால் அவனுடைய வீடு நின்ற வளவில் கிணறு மட்டும் இருந்தது. அவன் மனைவியையும் மூன்று வயது மகளையும் அடுத்த நாள்தான் கண்டெடுத்தார்கள்.

வாகரைப் பக்கத்து முகாம்களில் கொஞ்சக்காலம் இருந்தான். பிறகு அந்தப் பக்கம் சண்டை மூண்டு ஊரே வெறிச்சோடியபோது, நடந்தும் லொறியில் தொங்கியும் எங்களிடம் வந்து சேர்ந்தான். கதிரவெளிக்குத் திரும்பிப் போகாத நாங்கள் அப்போது அக்காவின் வளவின் மூலையில் தகரம் போட்ட ஒரு சின்ன வீட்டில் இருந்தோம். அவனுக்கு மேற்குப் பக்கமாக வீட்டோடு சேர்த்து ஒரு பத்தி இறக்கிக் கொடுத்தேன். வாவியில் வலை போடப் பழகிக்கொண்டான். விடிய வெளிக்கிட்டுப் போவான், வெயில் ஏறமுன் மீனோடு வருவான், பிறகு பத்திக்குள் போய்ப் படுத்துவிடுவான். அவன் படுத்தால் வீட்டில் யாரும் சத்தம் போடக்கூடாது.

"மாமா களைச்சுப்போய்ப் படுத்திருக்கிறாரு, அங்கால போய் விளையாடு" என்று என் மனைவி மகனைத் துரத்துவாள். சோறும் அவனுக்குத்தான் முதலில். கூரை ஒழுகினால் நான் ஏறுவேன். விறகு நான் கொத்துவேன். அவன் கோடரியைத் தொட்டாலே, "நீங்க விடுங்க அண்ணன், அவர் செய்வாரு" என்பாள். அவனும் கோடரியை வைத்துவிட்டுப் போய்விடுவான். இது நாளடைவில் வீட்டின் சட்டமாகவே ஆகிவிட்டது. நானும் அதை ஒரு நாளும் யோசித்துப் பார்க்கவில்லை.

கிழக்கில் சண்டை ஓய்ந்ததற்கு மறு வருஷம், எங்கள் ஊர் விளையாட்டுக் கழகம் சித்திரை வருஷப் பிறப்புக்குத் தோணி ஓட்டம் வைப்பதென்று முடிவெடுத்தது. வடக்கில் இன்னும் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் வாவியில் பகலில் தோணி விடத் தடையில்லை என்று படைக்காரர் அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஒரு தோணிக்கு இரண்டு பேர். துறையில் இருந்து வெளிக்கிட்டு, வாவிக்கு நடுவில் இருக்கும் சின்னத் தீவைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். சும்மா போய் வந்தாலே தோள் கழன்றுவிடும் தூரம். கலியாணத்துக்கு முன் நான் அந்த ஓட்டத்தில் துடுப்பு வலித்தவன். அப்போது என்னோடு வலித்தவன் கட்டாருக்கு வேலைக்குப் போயிருந்தான்.

தைப்பொங்கல் கழிந்த ஒரு பின்னேரம் மச்சானிடம் கேட்டேன். "வலிப்பமா?"

அவன் வலையில் இருந்து தலையை நிமிர்த்தாமல், "வலிப்பம்" என்றான்.

அன்றிலிருந்து பின்னேரங்களில் பழகத் தொடங்கினோம். நான் முன்னுக்கு, அவன் பின்னுக்கு. ஆரம்பத்தில் ஒவ்வொரு கிழமையும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. கரையில் என் மனைவி என்னுடைய கைக்கடிகாரத்தோடு நிற்பாள். நாங்கள் வந்து சேருமுன்னே கையைத் தூக்கி ஆட்டுவாள், போன தடவையைவிட வேகம் என்று அர்த்தம். வழியில் கரையோரமாகப் படைக்காரரின் காவலரண் ஒன்று இருந்தது. அங்கே நின்ற சிங்களச் சிப்பாய் ஒருவன் தெரிந்த தமிழில் ஒருநாள் எங்களை மறித்தான்.

"எங்க போறது?"

"ஓரிடமும் இல்ல. தீவச் சுத்திப்போட்டு வாறம்."

"மீன் எங்க?"

"மீன் பிடிக்கல்ல."

அவன் கொஞ்சநேரம் எங்களையும் வெறும் தோணியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு நாங்கள் போட்டிக்குப் பழகுகிறோம் என்பதை மச்சான் கையைக் காட்டி விளங்கப்படுத்தினான். அடுத்த நாளிலிருந்து எங்களைக் கண்டால் அந்தச் சிப்பாய் எழும்பி நிற்பான்.

மாசி மாதம் நடுப்பகுதியில் எங்கள் வேகம் நின்றுபோனது. குறையவும் இல்லை, கூடவும் இல்லை. மனைவியின் கை உயரவில்லை. முதல் நாள் எதிர்க்காற்று என்றோம். மறுநாள் தோணி கனத்துவிட்டது என்றோம். கவிழ்த்துப்போட்டுக் காயவைத்து, அடியைச் சுரண்டி எண்ணெய் பூசினோம். பிறகும் அதே கதைதான். இரண்டு கிழமை அப்படியே போனது.

எனக்குக் காரணம் தெரியும் என்று நினைத்தேன். மச்சான் களைத்துவிட்டான். விடியப் போய் வலை இழுக்கிறவன், சரியாகத் தூங்காதவன், முகம் எப்போதும் வாடியிருப்பவன், பின்னேரம் இந்த இழுவை இழுத்தால் என்ன ஆவான்? அதை அவனிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவனுக்கும் சேர்த்து நான் வலிப்பது என்று முடிவெடுத்தேன். காலையில் வேலைக்குப் போகமுன் தனியே தோணியை எடுத்துக்கொண்டு போய் வலித்தேன். பகல் முழுக்க மேசன் வேலை. அந்த நாட்களில் ஊரெல்லாம் வீடு கட்டினார்கள். ஓய்வு என்ற பேச்சே இல்லை. பின்னேரம் மறுபடி தோணி.

அப்போது எனக்குத் தடிமன் பிடித்து மூக்கு ஒழுகியது. பிடித்தது விடவே இல்லை. சோறு மண் மாதிரி இருந்தது. சாந்து குழைக்கிற பையனின் மேல் எரிந்து விழுந்தேன். இரவில் கால்கள் தாமாக உதறின. உடம்பு இன்னும் பழகவில்லை, கூட வலித்தால் சரியாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தின் மதிற்சுவரைத் திருத்திக் கட்டும் வேலை எங்களுக்குக் கிடைத்திருந்தது. அங்கே பெண்பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்குகிற விளையாட்டு டீச்சர் ஒருவர் இருந்தார். என் வயதுதான் இருக்கும். மாகாணப் போட்டிகளுக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோய் வருகிறவர். ஒருநாள் சாரத்துப் பலகையில் நின்று கல் வைத்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தலை சுற்றியது. மெல்ல இறங்கி மதிலின் நிழலில் குந்தினேன். அவர் தண்ணீர்ப் போத்தலோடு வந்தார்.

"என்ன அண்ணன், சாப்பிடல்லையா?"

சாப்பிட்டேன் என்றேன். கதையோடு கதையாகத் தோணி ஓட்டத்தைப் பற்றிச் சொன்னேன். வேகம் கூடாமல் நிற்பதையும், மச்சான் களைத்துப்போனதையும், நான் காலையிலும் வலிப்பதையும் சொன்னேன். அவர் பக்கத்தில் கிடந்த கல்லில் உட்கார்ந்துகொண்டார்.

"கூடாம நிக்கிறதுக்கு ரெண்டு காரணம் இருக்கு. ஒண்டு களைப்பு. மற்றது தேக்கம். வெளியால பாத்தா ரெண்டும் ஒண்டு மாதிரித்தான் தெரியும்."

"தேக்கமெண்டா?"

"உடம்பு அந்த வேலைக்குப் பழகிட்டு. அதே தூரம், அதே வேகம், ஒவ்வொரு நாளும். இதுக்கு மேல ஏன் வளரவேணும் எண்டு அது சும்மா இருக்கும். தேங்கின ஆளுக்கு வேற மாதிரிக் கஷ்டம் குடுக்கோணும். களைப்பெண்டா அப்பிடி இல்ல. உடம்பு வளரத்தான் பாக்குது, நாம விடுறம் இல்ல. களைச்ச ஆளுக்கு ஓய்வு குடுக்கோணும். மாறிக் குடுத்தா ரெண்டு பேரும் கெட்டுப்போவாங்க."

"எப்பிடிப் பிரிச்சுக் கண்டுபிடிக்கிற?"

அவர் கேள்வி கேட்கத் தொடங்கினார். தோணியில் ஏறின உடனேயே கை கனக்கிறதா, இல்லை தூரம் போன பிறகா? நல்லாகத் தூங்கினால் மறுநாள் வித்தியாசம் தெரிகிறதா? பசிக்கிறதா? கோபம் வருகிறதா? காலையில் பாயில் கிடந்தபடியே நாடி பிடித்துப் பார்த்தால் முந்தியைவிட வேகமாக அடிக்கிறதா? எல்லாவற்றையும் அவர் மச்சானைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து, "தெரியா டீச்சர், அவன் வாய் திறந்து சொல்ல மாட்டான்" என்றேன்.

"நான் உங்களக் கேட்டன்" என்றார் டீச்சர்.

ஒரே தோணியில் இரண்டு பேர் வலித்தால் யாருக்கு எது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"தனித்தனியா விட்டுப் பாருங்க. மறுகா ரெண்டு பேரும் ஒரு கிழமைக்குத் துடுப்பத் தொடாதீங்க. திரும்பத் தனித்தனியா விடுங்க. களைச்ச ஆள் ஓய்வுக்குப் பிறகு வேகமா வருவாரு. தேங்கின ஆள் போன மாதிரியே வருவாரு."

வீட்டில் சொன்னபோது என் மனைவி உடனே ஒத்துக்கொண்டாள். "அண்ணனுக்கு ஒரு கிழமை ஓய்வு கிடைக்கும்" என்பதுதான் அவளுக்கு அதில் பிடித்த விஷயம். மச்சான் தோளைக் குலுக்கினான்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் முதலில் அவன் போனான். நான் கரையில் நின்று பார்த்தேன். அவன் வலிப்பதை முன்னால் இருந்து கேட்டிருக்கிறேன், கரையிலிருந்து முழுதாகப் பார்த்ததில்லை. போகும்போது எப்படிப் போனானோ அப்படியே வந்தான். துடுப்பு ஒரே அளவாக ஏறி இறங்கியது. இறங்கி வந்து நின்றபோது பெரிதாக மூச்சும் வாங்கவில்லை. அதற்குப் பிறகு நான் போனேன். தொடக்கம் நல்லாகத்தான் இருந்தது. தீவைச் சுற்றித் திரும்பியபோது என் கைகள் என்னுடையவை மாதிரி இல்லை. தண்ணீருக்குள் வேர்விட்ட கண்ணாப் பற்றைகளின் ஓரமாக ஒதுங்கி இரண்டு தடவை நின்று வந்தேன். கரையில் மனைவி கடிகாரத்தை மறுபடி மறுபடி பார்த்தாள்.

"காத்து மாறிட்டு" என்றேன்.

"ஓம்" என்றான் மச்சான். காற்றே இல்லை.

அந்த ஓய்வுக் கிழமை வீட்டில் விசித்திரமாக இருந்தது. கழகத்தில் இருந்த இன்னொரு மேசனை மதில் வேலைக்கு என் இடத்துக்கு அனுப்பிவிட்டு நான் வீட்டில் நின்றேன். முதல் நாள் பகல் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவன் விளக்கு வைக்கிற நேரத்தில்தான் எழும்பினேன். அடுத்த நாளும் அப்படித்தான். மகன் என் முதுகில் ஏறி விளையாடியதுகூடத் தெரியவில்லை. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, மனைவி பால்ச்சொதியும் மீன்பொரியலும் வைத்திருந்தாள். சாப்பிட்டு முடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன். அவள் அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"எத்தின நாளைக்குப் பிறகு சோறு கேட்கிறீங்க தெரியுமா?"

தோணி எடுக்காமல் வீட்டில் நின்ற மச்சானுக்கு அந்தக் கிழமை பொறுக்க முடியவில்லை. வலைகளையெல்லாம் விரித்துத் தைத்து முடித்தான். வேலியின் கம்புகளை மாற்றினான். நான் தூங்கிக்கொண்டிருந்தபோது விறகு முழுவதையும் கொத்தி அடுக்கிவிட்டான். "விடுங்க அண்ணன்" என்று மனைவி சொன்னதற்கு, "நீ உள்ளுக்குப் போ" என்று மட்டும் சொன்னானாம். விடிகாலைகளில் அவள் எங்கள் இரண்டு பேரின் நாடியையும் பிடித்துப் பார்ப்பாள். என்னுடையது முதல் நாட்களில் ஓடி வந்தவனுடையது மாதிரி அடித்தது, பிறகு நாளுக்கு நாள் அடங்கி வந்தது. அண்ணனுடையது தொடக்கத்திலிருந்தே அமைதியாக இருந்தது என்று அவள் சொன்னபோது அவள் குரலில் ஒரு சந்தேகம் இருந்தது. எங்கேயோ பிழையாகப் பிடித்துவிட்டோமோ என்ற சந்தேகம்.

அடுத்த ஞாயிறு மறுபடி விட்டுப் பார்த்தோம். நான் முதலில் போனேன். துடுப்பைத் தண்ணீரில் வைத்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கரைக்கு வரும்போது மனைவி கையைத் தூக்கி ஆட்டுவதைத் தூரத்திலேயே கண்டேன். மச்சான் போய், போன தடவை வந்த மாதிரியே வந்தான். கடிகாரத்தில் ஏறக்குறைய ஒரு வித்தியாசமும் இல்லை.

துறையில் இருந்த வாகை மரத்தடியில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். என் மனைவிதான் முதலில் பேசினாள்.

"அப்ப களைச்சது நீங்கதான்."

நான் ஓம் என்றேன்.

"அண்ணன், உங்களுக்குக் களைப்பில்லையா?"

மச்சான் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குக் களைப்பில்ல. நான் ராவில முழிச்சிருக்கிறன்தான். அது வேற."

"ஏன் ஒரு நாளும் சொல்லல்ல?"

"ஆர் கேட்ட? கடலடிச்ச நாளையிலிருந்து எல்லாரும் என்னப் படு, இரு, விடு எண்டுதான் சொல்றீங்க. மச்சான் ஒருத்தன்தான் வலிப்பமா எண்டு கேட்டான். அவனும் மறுகா எனக்கும் சேத்து வலிக்கத் தொடங்கிட்டான். பின்னுக்கு இருக்கிற எனக்குத் தெரியாதா, முன் துடுப்பு எப்பிடிப் போகுதெண்டு. நான் பலமா வலிச்சா, மச்சான், உன்ர பக்கம் தோணி கிறுகி வளைஞ்சிடும் எண்டு உன்ர அளவுக்கு வலிச்சன்."

நான் அவன் களைத்துவிட்டான் என்று அவனுக்காக வலித்தேன். அவன் நான் களைத்துவிட்டேன் என்று எனக்காகக் குறைத்து வலித்தான். இரண்டு பேரும் அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. மனைவி முகத்தைத் திருப்பிச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். பிறகு எழும்பி, "விளக்கு வைக்கப் போறன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். அன்றிரவு முதல் தடவையாக, பின்வளவில் முறிந்து தொங்கிய முருங்கைக் கொப்பை வெட்டச் சொல்லி அண்ணனிடம் சொன்னாள். அவன் அப்போதே போய் வெட்டினான்.

டீச்சரிடம் போய்ச் சொன்னேன். எனக்கு அவர் வேலையைக் குறைக்கச் சொன்னார்: காலையில துடுப்பு வலிக்காதீங்க, ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டும் தோணி, மத்தியானம் படுங்க. மச்சானுக்கு நேர்மாறு. ஒரே வேகத்தில் நெடுந்தூரம் வலிப்பதை விட்டுவிட்டு, கொஞ்சத் தூரம் உயிரைக் கொடுத்து வலிக்க வேண்டும், மூச்சு அடங்கியதும் திரும்ப அப்படி. வாவியில் வலை கட்ட நட்ட கம்புகள் வரிசையாக நின்றன. ஒரு கம்பிலிருந்து அடுத்த கம்பு வரை அவன் பாய்வான், அதற்கடுத்த கம்பு வரை ஆறிப் போவான். காவலரண் சிப்பாய்க்கு இது பிடித்துவிட்டது. மச்சான் பாயத் தொடங்கினால் அவனும் கரையோரமாகக் கூட ஓடுவான், தோளில் மாட்டிய துவக்கு ஒரு பக்கம் ஆட. முதல் நாட்களில் மச்சான் கரைக்கு வந்து குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு மூச்சு வாங்குவதை நான் அன்றுதான் கண்டேன். முகம் சிவந்து, வியர்வை வழிந்து, அவன் சந்தோஷமாக இருப்பது போலப் பட்டது.

சித்திரைக்கு முந்திய கிழமைகளில் நேரம் மறுபடி குறையத் தொடங்கியது. இடத்தை மாற்றிக்கொண்டோம்; அவன் முன்னுக்கு, நான் பின்னுக்கு. அவன் எவ்வளவு பலமாக வலித்தாலும் தோணியை நேராகக் கொண்டுபோவது என் வேலை. பழகக் கொஞ்சம் நாள் பிடித்தது. அதற்குள் இரண்டு தடவை சண்டையும் பிடித்தோம்.

ஓட்டத்தன்று துறையில் காலடி வைக்க இடமில்லை. இத்தனை பேரை ஒரே இடத்தில் கண்டு எத்தனையோ வருஷம் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். பதினொரு தோணி வந்திருந்தது. தீவு வரைக்கும் நாங்கள் நடுவில்தான் போனோம். சுற்றித் திரும்பியதும் மச்சான் தலையைத் திருப்பாமல், "ஏலுமா?" என்று கேட்டான்.

"ஏலும்."

அவன் கம்புக்குக் கம்பு பாய்கிற மாதிரிப் பாயத் தொடங்கினான். நான் பின்னுக்கு இருந்து தோணியைப் பிடித்தேன். ஒவ்வொன்றாகத் தாண்டினோம். கடைசியில் இரண்டு தோணிகள் மட்டும் எங்களுக்கு முன்னால் இருந்தன. அவற்றைப் பிடிக்க முடியவில்லை. மூன்றாவதாக வந்தோம். இறங்கும்போது எனக்குக் கால் நிற்கவில்லை. மச்சான் என் கக்கத்துக்குள் கைகொடுத்துத் தூக்கிக் கரையில் இருத்தினான். டீச்சர் தன் பிள்ளைகளோடு வந்திருந்தார். எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அடுத்த வருஷம் பொங்கல் கழிந்து நான் தோணியைக் கவிழ்த்துப்போட்டு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தபோது மச்சான் வந்து பக்கத்தில் குந்தினான். தானும் ஒரு துணியை எடுத்து எண்ணெய் பூசினான். பிறகு சொன்னான்.

"மச்சான், இந்த முறை நான் அங்கால தெரு ஆள் ஒருத்தனோட வலிக்கப் போறன். அவன் என்னவிடப் பலசாலி. குறை நினைக்காத."

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மனைவி யாருடைய பக்கமும் சேராமல் சோறு போட்டாள். மூன்றாம் நாள் நான் போய் மேசன் வேலைக்கு வருகிற ஒருவனைப் பிடித்து, என்னோடு வலிக்கிறாயா என்று கேட்டேன். அவனுக்குத் துடுப்பையே சரியாகப் பிடிக்கத் தெரியாது. பரவாயில்லை என்று பழக்கினேன்.

அந்தச் சித்திரையில் மச்சானின் தோணி முதலாவதாக வந்தது. எங்களுடையது கடைசிக்கு முந்திய தோணி. நான் மூச்சு வாங்கியபடி கரைக்கு வந்து சேர்ந்தபோது அவன் ஏற்கெனவே முகம் கழுவி, சட்டை மாற்றி, என் மகனைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். "வேலைய விட்டுப்போட்டு ரெண்டு நாள் படு மச்சான்" என்றான். நான் படுத்தேன்.